துடைப்பம் பிடித்த ராணி

கடத்தூர் வழி,
21 ஜனவரி 2024

அக்கா மகள் ஜாஸ்மினுக்குத் தாய்மாமன் சவரிராயன் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் தயவில் இங்கே ஆடு மாடு உட்பட எல்லோரும் சுகம். நான் ஒருவன்தான் சுகமில்லை. காரணம் நீ.

ஜெர்மனியிலிருந்து நீ அனுப்பிய கவர் வந்து சேர்ந்தது. கையெழுத்து வாங்கும்போது தபால்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். அரசாங்க விஷயம் என்று சொல்லி வைத்தேன். பிரித்தால் உள்ளே கட்டை விரல் அளவு ஒரு பென்டிரைவ், மூன்று வரியில் ஒரு சீட்டு. ‘மாமா, நான் பாடிய நாடகத்தின் வீடியோ இதில் இருக்கிறது. அம்மாவை உட்கார வைத்து முழுசாகப் போட்டுக் காட்டுங்கள். நடுவில் வாயைத் திறக்காதீர்கள்.’ தாய்மாமனுக்கு எழுதுகிற எழுத்தா இது? போனில்தான் என்னை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். பேப்பரிலாவது மரியாதை வேண்டாமா?

அக்காவுக்குக் காட்டுவதற்கு முன்னால், கலை தெரிந்தவன் ஒருவன் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும் அல்லவா? பொங்கல் முடிந்த கையோடு நானே பார்த்தேன். நான் எட்டாவது வரைதான் படித்தேன். அது அந்தக் காலத்து எட்டாவது, இன்றைய டிகிரிக்குச் சமம். அது போக நம் கோயில் பாஸ்கா நாடகத்தில், ஆண்டவரைச் சிலுவைக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவும் பிலாத்துவாக இருபத்திரண்டு வருஷம் நின்றவன். நான் கை கழுவுகிற கட்டத்தில் தர்மபுரியிலிருந்து வந்திருந்த ஒரு கலெக்டரே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சாட்சி உண்டு. சாட்சிகள் இப்போது உயிரோடு இல்லை, அது வேறு விஷயம்.

பாப்பா, மனசு உடைந்து போகாதே. நீ அனுப்பியது நாடகமே இல்லை. ஓபராவாம்! மூன்று மணி நேரம். ஒரு கிழவன் தன் வீட்டு அலமாரிச் சாவியைத் தொலைத்துவிடுகிறான். சாவியைக் காணோம் என்று சொல்ல நம் ஊரில் எத்தனை நேரம் ஆகும்? அவன் இருபது நிமிஷம் பாடுகிறான். அவன் முடித்ததும் அவன் தம்பி மகள், தங்கக் கலர் கவுன் போட்டவள், வந்து ‘சாவியைக் காணோமா?’ என்று பதினைந்து நிமிஷம் பாடுகிறாள். கீழே ஜெர்மன் எழுத்து ஓடுகிறது. ஓசூரில் ஜெர்மன் மெஷின் வைத்திருந்த கம்பெனியில் நான்கு மாதம் வாட்ச்மேனாக இருந்தேன், அந்த பாஷை எனக்கு ஓரளவு பழக்கம். அதனால் இவ்வளவாவது புரிந்தது.

மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம். அதற்குள் ஐம்பது பேர் பிடிலோடு பதுங்கியிருக்கிறார்கள். ஒருவன் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குச்சியால் கொசு ஓட்டுகிறான். முடிந்ததும் அவனையும் மேடையில் ஏற்றிக் கை தட்டுகிறார்கள். கொசு ஓட்டினவனுக்கு! படம் பிடித்தவன் அதைவிட மோசம். கிழவன் வழுக்கி விழுகிற நேரம் பார்த்து பிடில்காரியின் முழங்கையைக் காட்டுகிறான். சிரிப்பு நாடகம் என்று எழுதியிருந்தாயாம் என் மகள் ஜெயராணிக்கு. நான் ஒரே ஒரு முறை சிரித்தேன். அதுவும் உன் அத்தை காபியைக் கொட்டிக்கொண்டதற்கு.

இனி உன் விஷயம். ஏழு வேலைக்காரிகள். சாம்பல் கவுன், தலையில் இட்லித் துணி மாதிரி ஒன்று, கையில் துடைப்பம். கடைசிக்கு முந்தினவள் நீ. மொத்தம் ஒன்பது நிமிஷம் வருகிறாய். தனியாக ஒரு வரி கிடையாது. இதையா அக்காவுக்குக் காட்டச் சொல்கிறாய்?

நம் ஊர் வழக்கம் மறந்துவிட்டதா? இங்கே வேஷம் மேடையோடு போகாது. ஜெராக்ஸ் கடை அந்தோணி பிரகாஷைப் பார். யூதாசு வேஷக்காரருக்குக் காய்ச்சல் என்று ஒரே ஒரு வருஷம் பதிலுக்கு ஏறி நின்றான். பதினைந்து வருஷமாக அது ‘யூதாசு ஜெராக்ஸ்’. அவன் கல்யாணப் பத்திரிகையிலேயே பெயருக்குப் பக்கத்தில் அதையும் அச்சடிக்க வேண்டி வந்தது, இல்லையென்றால் பாதிச் சொந்தக்காரருக்கு மாப்பிள்ளை யாரென்றே தெரிந்திருக்காது. என்னை எடுத்துக்கொள். மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கி பிலாத்து வீடு என்று சொன்னால் ஆட்டோக்காரன் வாசலில் கொண்டுவந்து விடுவான். வேஷம் அப்படி அமைய வேண்டும்.

அக்கா இப்போதே உன் பேரை எடுத்தால் எழுந்து போகிறாள். யோசித்துத்தான் செய்ய வேண்டும். பொறுப்பை என்னிடம் விட்டுவிடு.

இப்படிக்கு,
பிலாத்து சவரிராயன்


ஜெர்மனி,
2 பிப்ரவரி 2024

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. ஆறு பக்கம். எனக்கு வேண்டிய செய்தி ஒன்றே ஒன்றுதான், அது எந்தப் பக்கத்திலும் இல்லை. அம்மாவுக்குக் காட்டினீர்களா?

ஊர் வழக்கம் மறந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. வேஷம் பிரித்துக் கொடுத்தவர் நீங்கள். ஆண்டவர் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்கா உங்கள் மகள் ஜெயராணிக்கு. சீடர் இராயப்பரைக் காட்டிக்கொடுக்கும் வேலைக்காரி எனக்கு. ஒரே வரி. அந்த ஒரு வரிக்காக நான் ‘வேலைக்காரி ஜாஸ்மின்’ ஆனேன், அம்மா ‘வேலைக்காரி ஆத்தா’ ஆனாள். ரேஷன் கடையில் அப்படித்தான், பஸ்ஸில் அப்படித்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு வழி சொன்னதுகூட அப்படித்தான். நான் நர்ஸ் வேலைக்கு இங்கே வந்த பிறகுதான் ‘நர்ஸம்மா ஆத்தா’ என்றார்கள். மூன்று வருஷம் அம்மா தலை நிமிர்ந்து நடந்தாள்.

போன மே மாதம் கடத்தூர் மண்டபத்தில் என் ஸ்டேட்டஸில் இருந்த போட்டோவைப் பந்தி பந்தியாகக் காட்டினீர்கள். ‘நம்ம ஜாஸ்மினு செர்மனியிலயும் வேலைக்காரி வேசந்தான் கட்டறா பாருங்க’ என்று சொல்லிச் சிரித்தீர்கள். அம்மா பாதிச் சோற்றில் எழுந்தாள். அன்றைக்கு அவள் போனில் என்னைக் கேட்டது ஒன்றுதான்: ‘அவ்ளோ தூரம் போயும் தொடப்பமாடி?’ அதோடு வைத்துவிட்டாள். ஒன்பது மாதமாகிறது. போனை எடுப்பதில்லை. நான் போட்ட கடிதங்களைப் பிரிக்காமல் அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறாளாம்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. இந்த ஊர் நாடக அரங்கில், பாடத் தெரிந்தால் வெளியாட்களையும் கோரஸில் சேர்த்துக்கொள்வார்கள். அறுபது பேர் பாடிக் காட்டினோம். ஏழு பேரை எடுத்தார்கள். இருநூறு வருஷத்துப் பாட்டு அது. அந்தக் கிழவர் தம்பி மகளின் நகையைப் பூட்டி வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்கிறார். சாவியை எடுத்து ஒளித்து அவரைத் தோற்கடிப்பது வேலைக்காரிகள். மூன்று மணி நேரம் பார்த்தும் அது உங்களுக்குத் தெரியவில்லை. கொசு ஓட்டுகிறார் என்று எழுதினீர்களே, அவர் கையை அசைக்காமல் எங்களில் ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டோம். உங்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்காமல் போனது ஊரின் துரதிருஷ்டம்.

மே மூன்றாம் தேதியிலிருந்து எனக்கு இரண்டு வாரம் லீவு. வீட்டுக்கு வர ஆசைப்படுகிறேன். அம்மா பேசாத வீட்டின் வாசலில் பெட்டியோடு போய் நிற்க என்னால் முடியாது. ஏப்ரல் பதினைந்துக்குள் டிக்கெட் எடுக்க வேண்டும். அதற்குள் அவள் ஒரு வார்த்தை பேசினால் வருவேன். பேசாவிட்டால் வரமாட்டேன். நான் பாடுவதை அவள் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்களிடம் இதைக் கேட்பது எனக்கே கேவலமாக இருக்கிறது. என்ன செய்வது, அம்மா உட்கார்ந்து டிவி பார்ப்பது தன் தம்பியான உங்கள் வீட்டில் மட்டும்தான்.

ஜாஸ்மின்


கடத்தூர் வழி,
18 பிப்ரவரி 2024

பாப்பா ஜாஸ்மினுக்கு,

காரியம் முடிந்தது. இனி நீ என்னைத் திட்டி எழுதியதற்கெல்லாம் வெட்கப்படலாம்.

தவசுக் காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்ததும் கறி எடுத்து அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். பக்கத்துக் காட்டு முனிராஜ் சம்சாரம் சென்னம்மாளும் வந்தாள். அவள் ஒருத்தி பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. வெள்ளைக்காரன் படம் என்று மட்டும் சொல்லிப் போட்டேன்.

நான் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன், கோயில் சத்தியம். கிழவன் பாட ஆரம்பித்ததும் சென்னம்மாள், ‘என்னாத்துக்குங்க இந்தாளு வவுத்து நோவு கண்டவனாட்டம் கத்தறான்?’ என்று கேட்டுவிட்டாள். விஷயம் தெரிந்தவனை ஒரு பெண்பிள்ளை கேள்வி கேட்ட பிறகு அவன் எப்படிச் சும்மா இருப்பது? டிவி சத்தத்தை அமுக்கிவிட்டு எழுந்து நின்றேன். அந்தக் கொசுக்காரன் மூன்று மணி நேரத்தில் சாதிக்காததை நான் அரை மணியில் சாதித்தேன்.

நீ வந்தவுடனே அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். ‘அது நம்ம ஜாஸ்மினு இல்ல?’

‘அவளேதான். அந்த நாட்டுக்கே ராணி’ என்றேன்.

‘ராணின்னா கையில ஏங்க தொடப்பம்?’ இது சென்னம்மாள்.

‘மாறுவேசம்மா. சனங்க குறைய நேர்ல பாக்க வந்திருக்கறா.’

‘அப்ப தங்கக் கலர்ல மினுக்கிகினு நிக்கறவ?’

‘அவதான் வேலைக்காரி. ராணி அவ துணிய குடுத்து ஒக்கார வெச்சிருக்கறா.’

‘வேலைக்காரி இந்தப் பாட்டு பாட்றா, ராணி தனியா ஒரு வார்த்த பேசலியேங்க?’

‘ராணிங்க பேச மாட்டாங்க. அது வேலைக்காரிங்க பழக்கம்.’

நீ குனிந்த இடத்தில் புதையல் தேடுகிறாள் என்றேன். கிழவனையும் அவன் கட்டிலையும் சுற்றித் துடைப்பத்தோடு ஓடினீர்களே, அது போர் என்றேன். கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று தலை குனிந்தார்கள் பார், அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ‘பாருங்க, மொத்த சபையும் ராணிக்குத் தலை வணங்குது!’ என்றேன். ‘ராணியும் சேந்து குனியறாளே?’ என்றாள் சென்னம்மாள். ‘குடிமக்களுக்குத் திருப்பி வணக்கம் சொல்றா. வளர்ப்பு அப்பிடி’ என்றேன். வளர்ப்பு என்றதும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனந்தப் பார்வை.

அவள் ஒன்றும் பேசவில்லை. பூரித்துப் போனவர்கள் பேச மாட்டார்கள். போகும்போது, ‘அந்தக் குச்சிய குடு’ என்று பென்டிரைவைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மூன்றாம் நாள் மாவு மில்லில், ‘ராணி ஆத்தா, உங்க ராகி அரைச்சாச்சு’ என்று கூப்பிட்டார்களாம். ஒன்பது மாத அவமானத்தை ஒரே மத்தியானத்தில் கழுவிவிட்டேன். கழுவுவதில் எனக்கு இருக்கிற அனுபவம் யாருக்கு இருக்கிறது?

டிக்கெட் எடு. வரும்போது தலையில் வைக்க ஏதாவது பளபளப்பாக வாங்கி வா.

உன் மாமன்,
சவரிராயன்


ஜெர்மனி,
1 மார்ச் 2024

மாமா,

நான் உங்களிடம் கேட்டது இரண்டே இரண்டு. சத்தத்தோடு போட வேண்டும், நீங்கள் பேசக் கூடாது. சத்தத்தை அமுக்கிவிட்டுப் பேசியிருக்கிறீர்கள். இதை ஒரு மனிதன் தவறுதலாகச் செய்ய முடியாது.

உங்கள் கடிதம் வந்த அன்றே அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. ஆனந்தமாக இருக்கிறாள் என்றால் ஏன் எடுக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

நான் ராணி இல்லை. வேலைக்காரி. கடைசிக்கு முந்தினவள். நீங்கள் கொடுத்த வேலைக்காரி வேஷத்துக்கு அழுதேன். இதைக் கேட்டு வாங்கினேன். நாலு மாதம் தினமும் வேலை முடிந்த பிறகு போய்ப் பழகினேன். ஏழு குரலும் ஒரு குரலாகச் சேருகிற இடம் ஒன்று இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. அங்கே என் தொண்டையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு எழுதிப் பயனில்லை. அதை அம்மா கேட்பாள் என்று நினைத்தேன். நீங்கள் போர் நடக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

ஊர் என்னை என்னவாவது கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். நாளைக்கு நான் வந்து ஒரு மாவு மில்லில் நின்றால், ‘ராணி எந்த நாட்டுக்கு?’ என்று ஒருவன் கேட்பான். மறுபடியும் அம்மாதான் பாதிச் சோற்றில் எழுவாள். இரண்டாவது முறை அவள் என்னை மன்னிக்க மாட்டாள்.

நேரில் போங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்: ‘அவள் வேலைக்காரியாகத்தான் பாடினாள், ராணி என்பது நான் இட்டுக்கட்டியது.’ மனப்பாடம் செய்யுங்கள். ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் வசனம் பேசியவருக்கு இது கஷ்டமாக இருக்காது.

ஜாஸ்மின்


கடத்தூர் வழி,
16 மார்ச் 2024

மருமகளே,

உனக்கு நன்றி என்கிற சுபாவமே கிடையாது. உன் அப்பா குடும்பத்து ரத்தம்.

நீ இருக்கிற இடத்திலிருந்து எழுதுவது சுலபம். இங்கே நிலைமை வளர்ந்துவிட்டது. சென்னம்மாள் தன் தங்கை ஊரான நல்லம்பள்ளிக்குப் போய்ச் சொல்லி, அங்கே அது இன்னும் பெரிசாகித் திரும்பி வந்திருக்கிறது. நீ இப்போது குதிரை ஏறுகிறாய். அதை நான் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. பாஸ்கா கமிட்டியில் பேசி முடிவாகிவிட்டது: இந்த வருஷம் அக்காவுக்கு முன் வரிசையில் சாமியாருக்குப் பக்கத்து நாற்காலி. இந்த நேரத்தில் போய் அது இட்டுக்கட்டியது என்று சொன்னால் என்ன ஆகும்? பிலாத்து என்கிற பெயர் போய்ப் புளுகன் என்கிற பெயர் வரும். உன் ஒன்பது நிமிஷத்துக்காக என் இருபத்திரண்டு வருஷத்தைக் கொடுக்கச் சொல்கிறாயா?

இருந்தாலும் உன் பேச்சை நான் தட்டவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஆக, நான் சொல்லியும் ஆயிற்று, யாருக்கும் தெரியாமலும் ஆயிற்று. இவ்வளவு நுணுக்கமாக இந்த ஜில்லாவில் வேறு யாராவது ஒரு காரியத்தை முடித்திருப்பார்களா?

உன் அம்மா விஷயம்தான் விளங்கவில்லை. யூதாசு கடைக்குப் போய் அவன் கம்ப்யூட்டரில் அந்தக் குச்சியைச் செருகச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறாளாம். சத்தத்தோடு. நாலு தடவை ஆயிற்று என்கிறான். ‘உங்க அக்கா வந்தா ஜெராக்ஸ் எடுக்க ஆளு வர்றதில்லீங்க, அந்தக் கத்தலுக்குப் பயந்துகினு ஓட்றாங்க’ என்று என்னிடம் முறையிடுகிறான். நான் சொன்ன கதையின் ருசி அப்படி என்று சொல்லி அனுப்பினேன்.

நேற்று தெருவில் ஒருவன் அவளை, ‘ராணி ஆத்தா’ என்று கூப்பிட்டான். அவள் திரும்பவே இல்லை. பெருமை வந்துவிட்டால் காது அப்படித்தான் ஆகும்.

சவரிராயன்


ஜெர்மனி,
27 மார்ச் 2024

மாமா,

பெருமை இல்லை. அம்மாவுக்குப் பெருமை வந்தால் நாலு வீடு கேட்கிற மாதிரி பேசுவாள். உங்கள் அக்காவோடு ஐம்பது வருஷம் இருந்திருக்கிறீர்கள், இதுகூடத் தெரியவில்லை.

சாமியாரிடம் சொன்னது உங்கள் ஆத்துமாவுக்கு. எனக்கு இல்லை.

ஏப்ரல் பதினைந்து. அதற்குள் அம்மாவிடமிருந்து போன் வரவில்லை என்றால் அந்த லீவை இங்கே வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த லீவு எப்போது என்று எனக்குத் தெரியாது. நான் வராததற்குக் காரணம் என்ன என்று யாராவது கேட்டால், அதற்கும் ஒரு கதை தயார் செய்து வைத்திருப்பீர்கள். நான் இனி எழுத மாட்டேன்.

ஜாஸ்மின்


கடத்தூர் வழி,
14 ஏப்ரல் 2024

அக்கா மகள் ஜாஸ்மினுக்கு,

வெள்ளிக்கிழமை உன் அம்மா உன்னோடு போனில் பேசினாள். நீ கேட்டது அவள் குரல் மட்டும்தான். இந்தப் பக்கம் நடந்ததை நான் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்? யூதாசா எழுதுவான்?

முதலில் பாஸ்கா. அக்காவுக்கு நாற்காலி போட்டிருந்தது. அவள் வந்து அதைப் பார்த்துவிட்டு, கடைசியில் மணலில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் மேடையிலிருந்து பார்த்தேன். அதனால் ஒரு வசனம் தடுமாறியது. ஜனங்கள் அதை நடிப்பு என்று நினைத்து உருகிவிட்டார்கள். உன் கடைசிக் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் களி இறங்கவில்லை. உன் அத்தை, ‘போயி சொல்லித் தொலைங்களேன்’ என்றாள். யாரும் சொல்லி நான் போகவில்லை, நானாகத்தான் போனேன் என்பதைக் குறித்துக்கொள்.

உங்கள் வீட்டு முற்றத்தில் புளி குவிந்து கிடந்தது. அக்கா, சென்னம்மாள், இன்னும் ஐந்து பெண்கள் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். புளி வாங்கிப் போக வந்த ஜெராக்ஸ் கடை பிரகாஷும் அங்கே நின்றான். தனியாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். அக்கா எழுந்திருக்கவில்லை.

‘அக்கா, அந்தப் படத்துல...’ என்று ஆரம்பித்தேன்.

‘அவ ராணி இல்ல, வேலைக்காரி. அதான? ஒக்காரு.’

ஏழு பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

‘நீ வாயத் தொறந்தப்பவே தெரியும். நீ சொன்னது என்னைக்குடா நெசமா இருந்துச்சு? எந்த ஊரு ராணி குப்பைய மூலையில இருந்து இழுத்துகினு வருவா? மத்த ஆறு பேரும் தொடப்பத்த காத்துல ஆட்றாளுங்க. வூடு கூட்டன மூஞ்சிங்களா அதுங்க? எம்மவ ஒருத்திதான் கூட்றா. கூட்டிகினே பாட்றா, குனிஞ்சாலும் பாட்டு அறுந்து போவல. நீ அத அமுக்கிப்புட்டு நின்னுகினு ஒளர்ன.’

‘அது தெரிஞ்சும் ஏன் அவகிட்ட பேசல?’ என்று கேட்டேன். இதைக் கேட்டது நான்தான். இந்த ஒரு கேள்விக்காகவாவது நீ எனக்குக் கடன்பட்டவள்.

அக்கா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். ‘தொடப்பம்னதும் மொதல்ல எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு. அது என் புத்தி. ஆனா நீயா வந்து ராணின்னு சொல்லுவியா? அவதான் உனக்கு எழுதிச் சொல்லச் சொல்லியிருக்கறான்னு நெனச்சன். நான் அன்னைக்கி ஒரு வார்த்த கேட்டுட்டன்னு, தான் செஞ்ச வேலைக்கே வெக்கப்பட்டுகினு, ஆத்தாகிட்ட பொய் சொல்ல ஆள் வெக்கறாளேன்னு இருந்துச்சு. அவள அப்பிடி ஆக்கனது நான்தானேன்னு இருந்துச்சு. என்ன மூஞ்சிய வெச்சிகினு போன எடுக்கறது?’

‘அவ சொல்லல அக்கா. நானாத்தான் சொன்னன்’ என்றேன். நீ எழுதிக் கொடுத்ததைவிடச் சிறியது. ஒரு வார்த்தையும் கூட்டவில்லை.

‘நெசமா?’

‘சத்தியமா.’

‘உன் சத்தியத்தப் புளிக்குள்ள போட்டு மிதி. அவ எழுதன கடுதாசிய எடு.’

மூன்றும் என் சட்டைப் பையில்தான் இருந்தன. அக்காவுக்குப் படிக்கக் கண் தெரியாது என்று பிரகாஷிடம் கொடுத்தாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து வாசித்தான். பாப்பா, நீ என்னைப் பற்றி எழுதியிருந்த இடங்களை மட்டும் அவன் இரண்டு தரம் வாசித்தான். ஊரின் துரதிருஷ்டம் என்று எழுதியிருந்தாயே, அதற்குச் சென்னம்மாள் புளியில் விழுந்து சிரித்தாள். பதினைந்து வருஷம் யூதாசு என்று கூப்பிட்டதற்கு அவன் பத்து நிமிஷத்தில் கணக்குத் தீர்த்துக்கொண்டான். நான் அசையவில்லை. பிலாத்து அசைய மாட்டான். உட்கார இடமும் இல்லை.

ஏழு குரல் ஒரு குரலாகச் சேருகிற இடம் என்று நீ எழுதிய வரி வந்ததும் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். ‘ஆமா. அந்த எடம் எனக்குத் தெரியும்’ என்றாள். நான் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவன். அப்படி ஓர் இடம் இருப்பது எனக்குத் தெரியாது.

கடைசிக் கடிதத்தில் தேதி வந்தது. ‘இன்னைக்கி என்ன தேதி?’ என்றாள். பன்னிரண்டு என்றோம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து உன் பெயரை அமுக்கச் சொன்னாள். மணி அடித்தது. நீ அம்மா என்றிருப்பாய். மற்ற எட்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். பதினோரு மாதம் கழித்துப் பெற்ற மகளிடம் பேசுகிறவள் என்ன சொல்ல வேண்டும்? எனக்கு விட்டிருந்தால் பூமி நடுங்கப் பேசியிருப்பேன். உன் அம்மா, ‘ஏண்டி, அந்தக் கட்டிலுக்கு அடியில ஏன் கூட்டாம வுட்ட?’ என்றாள்.

நீ என்ன சொன்னாய் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் வெகுநேரம் ம், ம் என்று மட்டும் சொன்னாள். இடது கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, ‘புளிக் கை, எரியுது’ என்றாள். கொட்டை எடுத்தது வலது கையால். நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. இதையும் குறித்துக்கொள்.

போனை வைத்த பிறகு, ‘மே நாலு வர்றா’ என்றாள். மொரப்பூர் ஸ்டேஷனுக்குத் தானே போவாளாம். நான் மேளம் வைக்கலாமா என்று கேட்டதற்கு என் பக்கம் திரும்பவில்லை. சரி, ஊரில் யாராவது வருவது யார் என்று கேட்டால் என்ன சொல்வது? ராணியும் இல்லை, நர்ஸம்மா பழசாகிவிட்டது, வேலைக்காரி என்றால் அக்கா சண்டைக்கு வருவாள். பெயரில்லாமல் ஒரு ஆளை எப்படி அறிவிப்பது? அதையே கேட்டேன்.

‘எம்மவ வர்றான்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த சேத்தீன்னா வாயில புளியக் கரைச்சு ஊத்திடுவன்.’

நான் பேசியதிலேயே இவ்வளவு மட்டமான வசனம் கிடையாது. ஒரு ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. இருந்தாலும் இன்றைக்குக் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடத்தூர் சந்தையில் தொடங்கி மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், ஒரு வார்த்தையும் சேர்க்காமல் சொல்லிவிட்டு வந்தேன்: ‘எங்கக்கா மவ வர்றா.’

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
சவரிராயன்